சிவப்புத் துணி கட்டிய கத்தரிக்காய்

காலை பதினொன்று இருபதுக்குப் பட்டறையிலிருந்து போன் வந்தது. தையல்காரி அப்போது ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். லேத்தில் நின்றபடியே அவள் கணவர் சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டதாம். பீர்க்கங்கொடிப் பந்தலின் நாலாவது மூலையைச் சாயங்காலம் வந்து கட்டுவதாகச் சொல்லிக் கிளம்பியவர்.

லேத்துக்காரருக்கு வீட்டின் பின்னால் இருந்த மூன்று கட்டில் அகல மண்தான் உலகம். பன்னிரண்டு வருஷமாக அங்கே கடையில் வாங்கிய விதை விழுந்ததில்லை. இருப்பதில் நல்ல காயைச் செடியிலேயே பழுக்க விட்டு, அதிலிருந்துதான் அடுத்த விதை. அதைப் பறிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக, தையல் மிச்சத்தில் கிழித்த சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுவார்.

“நல்லதெல்லாம் விதைக்கு, சொத்தையெல்லாம் நமக்கா?” என்று அவள் வாரத்துக்கு ஒருமுறையாவது குத்திக்காட்டுவாள்.

“சொத்தைய நறுக்கித் தள்ளிட்டா மிச்சம் நல்லதுதான். என்னையும் அப்படித்தானே வச்சிருக்க” என்பார் அவர்.

அடக்கம் முடிந்த மறுநாள், வந்தவர்களுக்குச் சமைக்க நாத்தனார் கூடையோடு பின்பக்கம் போனாள். துணி கட்டியவைதான் பறிக்க வேண்டியவை என்று நினைத்து, தேடித் தேடிப் பறித்துவிட்டாள். தையல்காரி அடுப்படிக்கு வந்தபோது கத்தரிக்காய்கள் வெந்துகொண்டிருந்தன. சிவப்புத் துணிகள் மட்டும் பத்திரமாக மடித்து மேடைமேல் இருந்தன. மற்ற விதையெல்லாம் குப்பிகளில் இருந்தது. கத்தரிக் குப்பிதான் காலி.

விஷயம் தெரிந்ததும் நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தாள். “கடையில கிடைக்கும்ல அண்ணி? நானே வாங்கிட்டு வர்றேன்.”

“கிடைக்கும். உங்க அண்ணன் போட்டது கிடைக்காது.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போய்ச் செடிகளுக்கு நடுவே குந்தினாள். கொஞ்சம் படுக்கச் சொன்னவர்களைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இலை இலையாகப் புரட்டினாள். கடைசிச் செடியின் அடியில், மண்ணைத் தொட்டுக்கொண்டு ஒரே ஒரு பிஞ்சு. அதன் காம்பில் துணியைக் கட்டி, அழுகாமலிருக்க அடியில் ஓர் ஓட்டுச்சில்லை வைத்தாள்.

ஆறு வாரம், விடிந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். காய் மஞ்சளாகப் பழுத்தபோது ஒரு பக்கம் புழு துளைத்திருந்தது. சொத்தையை நறுக்கித் தள்ளினாள். மிச்சத்தைத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கிய விதையை நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டிக் குப்பியில் அடைத்தாள். ஒரு சிட்டிகையை அன்றே விதைத்தாள். இப்போது நாற்று விரல் உயரம்.

பந்தலின் நாலாவது மூலை இன்னும் கட்டவில்லை.