அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

மூன்றாவது பென்சிலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். முனை மனதுக்குப் பிடிக்கவில்லை, மறுபடி சீவுகிறார். அவைக்குள் போக இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. பேனா என்றால் அவருக்கு ஆகாது. "பேனா நடு வாக்கியத்துல காலை வாரிடும். பென்சில் சொல்லிட்டுத்தான் தேயும்" என்பார். நாடாளுமன்றத்தில் இருபத்தொன்பது வருடமாகச் சுருக்கெழுத்தாளர். உறுப்பினர்கள் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அவர் பென்சில் அம்மா.

சபாநாயகர் இருக்கைக்குக் கீழே ஒரு நீள மேஜை. அங்கே சுருக்கெழுத்தாளர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதுவார்கள். அடுத்தவர் வந்ததும் சத்தமில்லாமல் எழுந்துபோய், எழுதியதைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி வந்த பிறகும் இந்த வேலை போகவில்லை. நான்கு பேர் ஒரே சமயத்தில் கத்தினால் கருவிக்குக் கேட்பது வெறும் இரைச்சல். பென்சில் அம்மாவோ நால்வரையும் பிரித்து, யார் என்ன சொன்னார் என்று வரி வரியாகப் போட்டுவிடுவார்.

எழுதும்போது தலை நிமிராது. "மூஞ்சியைப் பார்த்தா கோவம் வரும். கோவம் வந்தா எழுத்து கோணும்" என்பது அவர் கொள்கை. அதனால் அவருக்கு எல்லாரும் குரல்கள்தான். லிஃப்டில் பக்கத்தில் நிற்கும் அமைச்சரை அடையாளம் தெரியாது. அவர் தும்மினால் தெரிந்துவிடும்.

கணவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். முப்பத்திரண்டு வருடம் கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துபோயிற்று. ஒரு கைத்தடியும் வாய் நிறைய கேலியுமாக வீட்டில் வலம் வருகிறார். மனைவி பதில் சொல்லத் தாமதித்தால், "நான் சொன்னதை எழுதிக்கிட்டியா, இல்ல இன்னொரு தடவை சொல்லணுமா?" என்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால், அவைக்கு விடுமுறையான ஒரு நண்பகலில் தொலைபேசி அடித்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் சொன்னான். பென்சில் அம்மாவின் காதுக்கு அது அருமையான குரல். அவசரம் இல்லை, சொல்லை விழுங்கவில்லை, ஒவ்வொரு வாக்கியமும் முற்றுப்புள்ளி வைத்தாற்போல் முடிந்தது. அப்படிப் பேசுகிறவர்கள் அவையிலேயே இரண்டு பேர் தேறமாட்டார்கள். கணக்கை முடக்கப் போகிறார்கள், தடுக்க வேண்டுமானால் கைபேசிக்கு இப்போது வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்றது குரல். பென்சில் அம்மா நிறுத்தி, தெளிவாக, இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

கணவரின் முட்டி அறுவைச் சிகிச்சைக்குச் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் போயிற்று. யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. டாக்டர் வெளிநாடு போயிருக்கிறாராம் என்று கணவரிடம் சொன்னார். பிறகு, இன்னும் வரவில்லையாம் என்றார். கணவர் சரி என்று தலையாட்டிவிட்டு, கைத்தடியின் அடியில் தேய்ந்த ரப்பரை மாற்றிக்கொண்டார். புகார் கொடுக்கவும் பென்சில் அம்மாவுக்குக் கால் எழவில்லை. காதை வைத்துப் பிழைத்தவள் காதாலேயே ஏமாந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

அப்புறம்தான் பணப் பரிமாற்ற மசோதா அவைக்கு வந்தது. பணம் அனுப்பும் நிறுவனங்கள் மோசடிக்குப் பொறுப்பேற்க வேண்டும், போன பணத்தைத் திருப்பித் தர வேண்டும், கடந்த ஒரு வருடத்தில் ஏமாந்தவர்களும் புகார் தரலாம் என்றது மசோதா. ஆனால் ரகசிய எண்ணைத் தன் வாயால் சொன்னவருக்குப் பாதிதான் கிடைக்கும். விவாதத்தின் இரண்டாம் நாள் முழுக்க அந்தப் பாதியைப் பற்றியே சண்டை.

பென்சில் அம்மா போய் உட்கார்ந்தபோது, ஆசிரியையாக இருந்த ஓர் உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார். "தானா சொன்னாங்கன்னு சொல்றீங்க. பயமுறுத்தி வாங்கினதைத் தானா குடுத்தாங்கன்னு சொல்றது என்ன நியாயம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அடுத்து ஒரு செருமல் கேட்டது. தலை நிமிராமலே தெரிந்தது, அவையின் மூத்த உறுப்பினர். அவர் எழுந்தாலே பாதிப் பேர் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

"எவனோ கேட்டான்னு ரகசிய எண்ணை வாசிச்சுக் காட்டுறவங்களுக்குப் பாதியே அதிகம், சபாநாயகர் அவர்களே. அவங்களுக்குக் குடுக்க வேண்டியது பணம் இல்ல, ஒரு பூட்டு. வாய்க்குப் போட!"

அவை குலுங்கியது. பென்சில் அம்மாவின் கழுத்து சுட்டது. முனை ஒடிந்தது. அடுத்த பென்சிலை எடுத்தார். பூட்டையும் வாயையும் எழுதினார். பிறகு அடைப்புக்குறி போட்டு, உள்ளே 'சிரிப்பு' என்று குறித்தார்.

அன்று மாலை தட்டச்சு அறைக்கு மூத்த உறுப்பினரே வந்துவிட்டார். பேசியதில் சொற்பிழை இருந்தால் உறுப்பினர்கள் வந்து திருத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் கை வைக்கக் கூடாது.

"அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துடுங்கம்மா. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"பேச்சு உங்களதுங்கய்யா. சிரிப்பு சபையோடது. அதை நான் எப்படி எடுக்கிறது?"

"அட, ஏமாந்தவங்க உக்காந்து இதையெல்லாம் படிக்கவா போறாங்க?"

"படிக்கிறது இருக்கட்டும். எழுதினவளே ஏமாந்தவதான்."

அவருக்குப் புரியவில்லை. பென்சில் அம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எட்டு மாசத்துக்கு முன்னால நானும் அந்த எண்ணை வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு தடவை."

இதை அவர் முதன்முதலாகச் சொல்வது இப்போதுதான். அதுவும் இந்த மனிதரிடம்! மூத்த உறுப்பினர் செருமினார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவும்மா?"

"எங்க வீட்டுக்காரரோட முட்டி."

மூத்த உறுப்பினர் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார். "சிரிப்பு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. பாதித் தொகை விதியும் அப்படியே நின்றது. ஆம் என்றவர்களிலும் இல்லை என்றவர்களிலும் அந்தச் செருமல்காரரின் குரலைப் பென்சில் அம்மா தேடினார். இரண்டிலும் அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும், கணவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பென்சில் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு முறை வெளியே வந்துவிட்டதால் இரண்டாம் முறை வாய் அவ்வளவாகத் தடுமாறவில்லை. கணவர் தைலப் புட்டியை மூடினார்.

"அப்போ அந்த டாக்டர் வெளிநாடே போகலையா?"

"இல்ல."

"பாவம், அந்த மனுஷனை எட்டு மாசமா திட்டிக்கிட்டு இருந்தேனே!" சிரித்தார். பென்சில் அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பை நிறுத்தினார். "இதைத் தனியாவா தூக்கிக்கிட்டு அலைஞ்சே?"

சட்டம் அமலுக்கு வந்த வாரமே இருவரும் புகார் அலுவலகத்துக்குப் போனார்கள். வரிசை நீளமாக இருந்தது. அதில் வேட்டி கட்டியவர், கோட்டுப் போட்டவர், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் என்று எல்லாத் தினுசும் இருந்ததைப் பார்த்துப் பென்சில் அம்மாவுக்குக் கொஞ்சம் நெஞ்சு லேசாயிற்று. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் அம்மாள் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டு, எழுதி, தாளைத் திருப்பி வைத்தார்.

'ரகசிய எண் மனுதாரருக்குத் தெரியாமல் களவாடப்பட்டது.'

"நான் சொன்னது இது இல்லையேம்மா" என்றார் பென்சில் அம்மா.

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "இப்படி இருந்தா முழுசும் வரும்மா. நீங்க சொன்னபடி போட்டா பாதிதான். எல்லாருக்கும் இப்படித்தான் எழுதித் தர்றேன். பேசாம கையெழுத்துப் போடுங்க."

பென்சில் அம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கணவரின் முட்டியைப் பார்த்தார். கை தாளுக்குப் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. பின்னால் யாரோ, "சீக்கிரம்மா" என்றார்கள்.

கணவர் கைத்தடியை மேஜையில் சாய்த்து வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அந்த ஒரு வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகக் கோடு போட்டு அடித்தார். பிறகு பேனாவை மனைவியிடம் நீட்டினார்.