குசினி நிலத்தில் ஓர் ஆள் சூடு

பேய், பிசாசு என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இதை வாசித்துவிட்டுக் கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைப்பீர்கள், நினையுங்கள். என் எழுத்துத்தான் கோணல், கதை கோணலில்லை.

சண்டைக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தேன். அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து தவமணி வந்தாள். என் சித்தியின் மகள், கனடாவில் இருக்கிற மகனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தாள். அறை இல்லை என்றேன்.

"குசினியில ஒரு மூலை போதும் அக்கா."

ஐந்து மாதம் அந்தச் சமையலறைச் சிவப்புச் சீமெந்து நிலத்தில், ஜன்னலடியில், சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுத்தாள்.

அந்த நாளில் கொழும்புத் தமிழர் வீட்டில் இருக்கிற எல்லாருடைய பெயரையும் பொலிசில் பதிய வேண்டும். படிவம் சிங்களத்தில். எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும், அடுத்த வீட்டு ரீச்சர்தான் நிரப்பித் தருவார். தவமணியைப் பகலில் வந்து உதவிவிட்டுப் போகிறவள் என்று அவர் நினைத்திருந்தார், நானும் திருத்தவில்லை.

"வேற ஆர் இருக்கினம்?"

பெயரைச் சொன்னால் எந்த அறை என்று கேட்பார், சொந்தத் தங்கச்சியைக் குசினியில் படுக்கவிட்ட கதை ஒழுங்கை, தெரு முழுக்கப் போகும். ஒருத்தரும் இல்லை என்றேன்.

ஒரு காலை பொலிஸ் வந்தது. படிவத்தை வைத்து ஆட்களைச் சரிபார்த்தார்கள். தவமணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இவள் யார் என்று கேட்டார்கள். தங்கச்சி என்றால் ஏன் பதியவில்லை என்று என்னையும் ட்ரக்கில் ஏற்றுவார்கள். "தன்னே நே மாத்தயா" என்றேன். தெரியாது ஐயா, அறை கேட்டு வந்தவள் என்று அதையும் சிங்களத்தில் சொன்னேன். தவமணிக்குச் சிங்களம் விளங்காது. நான் தனக்காகப் பரிந்து கதைக்கிறேன் என்று நினைத்து, எனக்கு நன்றியாகத் தலையாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய் அவர்கள் காட்டின ட்ரக்கில் ஏறினாள்.

திரும்பி வரவில்லை. தெரியாது என்று சொன்ன ஆளை நான் எங்கே போய்த் தேடுவது?

இரண்டு மாதம் போனது. அந்த மூலையைப் பார்க்கப் பிடிக்காமல், குசினிக்கு டைல்ஸ் போடக் கொட்டாஞ்சேனையிலிருந்து ராமையா என்ற மேசனைப் பிடித்தேன். பழைய நிலத்தைக் கொத்தி, மட்டம் பார்த்துச் சீமெந்து போட்டு, ஈரச் சாக்கு விரித்துவிட்டுப் போனான். காலையில் வந்து பார்த்தால் மற்ற இடமெல்லாம் ஈரம், ஜன்னலடியில் மட்டும் சாக்கு அப்பளம் மாதிரிக் காய்ந்து, கீழே சீமெந்து வெடித்துக் கிடந்தது. உடைத்துத் திரும்பப் போட்டான், அதுவும் அப்படியே. மூன்றாம் தரமும் வெடித்தபோது என்னைக் கூப்பிட்டான்.

"அம்மா, இங்க கைய வச்சுப் பாருங்க. கீழ சுடுதண்ணிக் குழாய் ஏதும் போகுதா?"

என் வீட்டில் ஏது சுடுதண்ணிக் குழாய். குந்தியிருந்து கை வைத்தேன், சுட்டது. அடுப்புச் சூடில்லை. ஆள் இப்போதுதான் எழும்பிப் போன பாயில் ஒரு சூடு இருக்குமே, அது. சூட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே போனேன். முதுகு வளைவு, மடக்கின முழங்கால்.

"இந்த எடத்துல யாரும் படுத்திருந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்லை."

நம்பினால் நம்புங்கள், சொல்லி வாய் மூடவில்லை, என் உள்ளங்கைக்குக் கீழே நிலம் சில்லிட்டுப் போனது.

"இப்ப ஆறிட்டுது பார் தம்பி."

அவன் கை என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. "என்னம்மா சொல்றீங்க, சுடுதே" என்றான்.

என்ன கலவை போட்டானோ, எப்படியோ டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போனான்.

சண்டை முடிந்து பல வருசத்துக்குப் பிறகு தவமணியின் மகன் கனடாவிலிருந்து தாயைத் தேடி வந்தான். என் வீட்டிலிருந்து தவமணி கடைசியாகப் போட்ட கடிதத்தை வைத்திருந்தான். கொட்டாஞ்சேனையில் யாரோ வீட்டுக்குப் போகிறேன் என்று போனவள், பிறகு தெரியாது என்று சொன்னேன். தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு குசினிக்குள் வந்தவன் ஜன்னலடியில் நின்றுவிட்டான்.

"பெரியம்மா, நிலத்துக்குக் கீழ சூடு போட்டிருக்கிறியளோ? எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான், குளிருக்கு. இந்த வெயிலுக்குள்ள உங்களுக்கு ஏன்?" என்று சிரித்தான்.

கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. "காலை எடுக்க மனம் வருதில்லை பெரியம்மா." அரை மணித்தியாலம் அப்படியே நின்றான். போன பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நான் ஏறி நின்றேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

மாதம் ஒருமுறை ஃபோன் எடுக்கிறான். தாயைப் பற்றி இப்போது கேட்பதில்லை. "அந்த இடம் இன்னும் சூடா இருக்கோ?" என்றுதான் கேட்கிறான்.

ஓம் ராசா என்கிறேன். அவனுக்கு அது சூடாகத்தான் இருக்கும். எனக்குக் கால் விறைக்கிறது.