தலைக்கு வார்த்த நாள்

ஈரத்தலையோடு வேப்பமரத்தடிக் கதிரையில் இருந்து சிரித்த மாமாவைத்தான் இப்போதும் முதலில் காண்கிறேன். காது மடலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டு, தலைக்கும் வார்த்தாயிற்று என்றால் குச்சவெளியில் எங்கள் ஆட்களுக்கு நோய் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரை நோயாளி என்று சொல்வதே அபசகுனம். குசினியில் மாமி கோழி ரசம் கொதிக்க வைத்திருந்தா. மாமா கரைவலைச் சம்மாட்டி, கரையில் நின்று இழுக்கிற வலையின் சொந்தக்காரர். மறுநாள் விடிய வலை வளைக்க ஆட்களுக்குச் சொல்லியும் விட்டார்.

கொரோனா உச்சத்தில் இருந்த காலம். திருகோணமலை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிப்பது என் வேலை. சுகாதாரக்காரர் வந்து, கடற்கரையில் வலைகாரர் தங்கும் வாடியைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயத்தில், சொந்த மருமகளான எனக்கே காய்ச்சலை ஒளித்திருந்தார்கள். தலைக்கு வார்த்த சந்தோசத்தில் மாமி போனில் வாய் தவறிச் சொல்லிவிட, வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். விரலில் ஒட்சிசன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு வரக்கூடிய எண் இல்லை அது, அவ்வளவு குறைவு.

இந்த நோயின் சூழ்ச்சியை நான் நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தேன். முதல் கிழமை கிருமியின் ஆட்டம். அடுத்த கிழமை காய்ச்சல் விட்டு ஆள் தெளிந்தமாதிரி இருக்கும்போதுதான் சிலருக்கு உடம்பின் சொந்தப் படையே கட்டுமீறும். சண்டையை நெறிப்படுத்த வேண்டிய லிம்போசைட் அணுக்கள் குறைந்துபோகும். நஞ்சை அள்ளி எறிகிற மற்ற வெள்ளையணுக்கள் பெருகி நுரையீரலையே புண்ணாக்கும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மாமா தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, வலை முடியட்டும் பார்ப்போம் என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள். மாமிக்கு என்மேல் கோபமே வந்துவிட்டது.

"தலைக்கு வாத்த ஆளைத் திரும்பவும் கட்டில்ல போடப் போறியோ பிள்ளை?"

மறுநாள் இழுவைக்குச் சொல்லியிருந்த வலைகாரர் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். இழுவையின்போது பாடுகிற அம்பாவுக்கு முதலடி எடுத்துக்கொடுப்பவர் மாமாதான். அவர் குரல் கரையின் இரண்டு தலைப்புக்கும் கேட்கும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஒருக்கா அம்பா எடுங்கோ மாமா. ஒரு அடி போதும். பாடி முடிச்சா நான் பேசாமல் போயிடுறன்."

இதென்ன பெரிய வேலை என்று நிமிர்ந்து இருந்து தொடங்கினார். பாதி அடியில் குரல் அறுந்தது. நெஞ்சைப் பிடித்து மூச்சை இழுத்து மறுபடி எடுத்தார். முதல் தடவை வந்த அளவுகூட வரவில்லை. எதிரடி பாட வாய் திறந்த வலைகாரர் அப்படியே நின்றார்கள். மாமி அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டா. மாமா ஒருவர் முகத்தையும் பார்க்காமல் எழும்பினார்.

"ஓட்டோவைக் கூப்பிடு பிள்ளை."

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். கட்டுமீறிய படையை அடக்க ஸ்டீராய்டும் ஏற்றினார்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்தை ஏன் ஏற்றுகிறார்கள் என்று மாமி போனில் அழுதா. என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவரின் இரத்தம் என் மேசைக்கே வந்தது. ஒவ்வொரு காலையும் அதைப் பூசிய கண்ணாடித் துண்டை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். லிம்போசைட்டைத் தேடித்தேடிக் கண் வலித்தது. மற்றவைதான் மொய்த்துக் கிடந்தன. ஒரு நாள் அவரின் இரத்த மாதிரி வரவில்லை. அவர் படுத்திருந்த நோயாளர் விடுதிக்குப் போன் எடுக்க எனக்குத் துணிவில்லை. மாமா போய்விட்டார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை.

வலையை இப்போது மாமாவின் தம்பி நடத்துகிறார். மாமி அந்த நாட்களைப் பற்றி ஒரு கதையும் எடுப்பதில்லை. போன மாதம் நான் போயிருந்தபோது, தேத்தண்ணீரைத் தந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டா. இத்தனை வருசமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் இருந்தாவோ!

"அவருக்கு எதிர்ப்புச் சக்தி போதாமல்தானே பிள்ளை போனவர்? நான் ஒழுங்காச் சாப்பாடு குடுக்கேல்லையோ?"

"ஐயோ, இல்லை மாமி. கூடிப்போச்சு. கிருமி அடங்கின பிறகும் அவற்ற உடம்பு சண்டையை விடேல்லை."

 மாமி, கலியாணம் கட்டி வந்த நாள் தொடக்கம் இருந்த குறையைச் சொல்வதுபோல மெல்லச் சொன்னா.

"ஓம். அந்தாளுக்கு எதையும் பாதியில விடத் தெரியாது."