பன்னிரண்டு மணிச் சம்மதம்

அந்த ஊரில் பிறந்த எவருக்கும் கருப்பு நிழல் கிடையாது. குழந்தையை முதன்முதலாக வெயிலுக்குக் கொண்டுவரும்போது தரையில் என்ன நிறம் விழுகிறதோ, அதுதான் ஆயுசுக்கும். அரக்குச் சிவப்பு என்றால் கோபம். அந்த நிழல் பட்ட தண்ணீர் கொஞ்ச நேரத்தில் சுடும். மாம்பழ மஞ்சள் என்றால் கலகலப்பு. அதற்குள் நிற்பவருக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். சாம்பல் பொறுமை; சாம்பல் நிழலில் வைத்த பால் திரியவே திரியாது. கத்தரிப்பூ நிறம் நேர்மை. அதற்குள் நிற்பவர் வாயை மூடிக்கொள்ளலாம், திறந்தால் உண்மைதான் வரும். பள்ளிக்கூடச் சுவரிலெல்லாம் இந்தப் பட்டியலை எழுதி வைத்திருந்தார்கள். விளக்கு வெளிச்சத்து நிழலுக்கு இந்தச் சக்தி எதுவும் இல்லை, சூரியன் போடுவதற்குத்தான்.

நம்ம டெய்லருக்குக் கத்தரிப்பூ. பட்டியல் எழுதின மகராசன் ஒன்றை யோசிக்கவில்லை. நிழல் அடுத்தவர் மேல் விழுமே தவிர சொந்தக்காரர் மேல் விழாது. அதனால் டெய்லர் வாய் கூசாமல் பொய் சொல்வார். "பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்பார். அந்தத் துணி எந்த மூட்டைக்கு அடியில் கிடக்கிறதென்று அவருக்கே தெரியாது. ஊரோ அவரை உத்தமர் என்று நம்பித் தொலைத்தது. நிறம் அப்படி ஆயிற்றே.

தொழிலுக்கு அந்த நிழல் நல்லதுதான் செய்தது. கடை கிழக்குப் பார்த்தது. காலையில் வாசலுக்கு முதுகு காட்டி நின்று அளவெடுப்பார். நிழல் ஆள்மேல் விழும். "போன சட்டை எப்படி?" என்று கேட்டால் போதும். "அக்குள்ல பிடிக்குது, காலர் கழுத்தை அறுக்குது, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்று கொட்டிவிட்டு, சொன்னவரே வாயைப் பொத்திக்கொள்வார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இப்படி இருபத்தைந்து வருஷம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் கை திருந்தியது.

ஆனால் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும், யாரையும் தொடாது. ஆகவே டெய்லரைப் பாராட்ட வேண்டியவர்கள், தவணை சொல்ல வேண்டியவர்கள், பெண்டாட்டிக்குத் தெரியாமல் சட்டை தைப்பவர்கள் எல்லாரும் டாண் என்று பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றார்கள். அவரும் மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளிப்போட்டுவிட்டார்.

அவர் வீட்டம்மாவுக்குச் சாம்பல் நிழல். பட்டியல்படி பொறுமையின் சிகரம். பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் நடந்தே போய்விடுகிற பொறுமை அது. வீட்டில் பால் மட்டும் திரிந்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அந்த அம்மா தபால் ஆபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். டெய்லர் நாலு நாள் ஸ்டாம்பு வாங்குகிற சாக்கில் போய் நின்றார். கடிதம் எழுத வெளியூரில் அவருக்கு ஒரு நாதியும் இல்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, வெளியே வரச்சொல்லி, "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். அவள் தரையில் நீண்டிருந்த நிழலைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். "வேலை இருக்கு. பன்னிரண்டு மணிக்கு வாங்க" என்றாள். பன்னிரண்டு மணிக்கு வந்தவரிடம் "பிடிச்சிருக்கு" என்று சொன்னாள்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் நேரத்தை யோசிக்கவில்லை. பிற்பாடு யோசித்தார். அவர்கூடக் கடைவீதிக்குப் போனால் அவள் எப்போதும் வெயில் பக்கமாகவே நடந்தாள், முகம் கருத்தாலும் பரவாயில்லை என்று. இருபத்துநாலு வருஷத்தில் அந்த நிழல் அவள் சேலை நுனியைக்கூடத் தொட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்பதற்குப் பயம், அதுதான் நிஜம்.

போன வாரம் ஒரு கல்யாண மாப்பிள்ளை கோட்டு வாங்க மத்தியானம் வந்தான். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து "பிரமாதம் மாஸ்டர்" என்றான். மறுநாள் காலை கோட்டோடு திரும்பி வந்து நிழலில் நின்றான். "நேத்து உங்க மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன் மாஸ்டர். நல்லாவே இல்லை. மூட்டை தூக்குற மாதிரி இருக்கு."

டெய்லருக்குக் கோட்டைப் பற்றிக் கவலை வரவில்லை. தபால் ஆபீஸ் வாசல்தான் ஞாபகம் வந்தது. மனசு நோகக் கூடாதென்று பன்னிரண்டு மணிக்குச் சொல்வது இத்தனை சுலபமா? அன்று மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மொட்டை மாடியில் வீட்டம்மா காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தாள். டெய்லர் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். நிழல் ஏறக்குறைய அவர் உயரத்துக்கு விழுந்திருந்தது. அவள் அதைக் கண்ணாலேயே அளந்து, அதன் நுனியைவிட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"படுக்கை விரிப்பை மடிக்கணுமா? ஒரு முனையை நான் பிடிக்கிறேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட மடித்துத் தராத மனுஷன். அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாவம், சந்தோஷப்பட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறினார்கள். முனையோடு முனை சேர்க்க அவள் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். கத்தரிப்பூ நிறம் அவள் கால்விரலில் ஏறி, இடுப்பில் ஏறி, முகத்தில் படிந்தது.

"அன்னிக்குப் பன்னிரண்டு மணிக்குச் சொன்னியே, அது நிஜமா?"

அவள் குனிந்து பார்த்தாள். பின்னால் நகர வழியிருந்தது, நகரவில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை.

"பொய்" என்றாள். "வேணாம்னு சொன்னா அங்கேயே அழுதுடுவீங்க போல இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

விரிப்பின் முனை டெய்லர் கையிலிருந்து நழுவியது. இன்னொரு கேள்வி இருந்தது. இன்றைக்கு எப்படி என்பது. அதைக் கேட்டு, அதற்கும் இதே பதில் வந்தால் ஐம்பத்திரண்டு வயதில் எங்கே போய் நிற்பது? மனுஷன் ஒன்றும் கேட்காமல் பக்கவாட்டில் நகர்ந்தார். நிழலும் அவரோடு நகர்ந்தது, அவள் முகத்தில் வெயில் அடித்தது.

"எங்க போறீங்க?"

"போதும். கீழ போலாம்."

"இருங்க." அவர் நகர்ந்த பக்கமே அவளும் நகர்ந்து, மறுபடி நிழலுக்குள் வந்து, சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாதி கேட்டுட்டுப் போனா எப்படி? எப்பன்னு சொல்லத் தெரியல. ஆனா பிடிச்சிருக்கு. ரொம்ப வருஷமாவே. சொல்லலாம்னுதான் பார்த்தேன். இதைச் சொன்னா அதையும் சொல்லணுமேன்னு ஓடிக்கிட்டே இருந்தேன்."

டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணில் தூசி என்று சொன்னார், அவர் எதையும் சொல்லலாமே.

"இன்னும் முடியல" என்றாள் அவள். "நீங்க பாடுறது சகிக்கல. உங்க அக்கா வந்தா நீங்க பேசுற விதம் எனக்கு ஆகவே ஆகாது. நீலச் சட்டை உங்களுக்கு நல்லா இல்லை, நாந்தான் மத்தியானமா பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னேன்."

வெயில் இறங்க இறங்க நிழல் நீண்டு மாடிச் சுவரில் ஏறியது. அவள் விலகவில்லை. இருபத்துநாலு வருஷத்துப் பாக்கி, ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. டெய்லர் கால் மரத்துப்போயும், வெளிச்சம் போகிறவரைக்கும் அசையாமல் நின்று கேட்டார்.