ஓர் ஆட்டமும் தோற்காதவருக்கு இரண்டாம் இடம்

1. டைப்பிஸ்ட் கையை எடுத்தார்

“ஏழுமலை சார், இத நான் அடிக்க மாட்டேன்.”

சரோஜா அம்மா இப்படிச் சொன்னது ஒரு திங்கட்கிழமை காலையில். எங்கள் ஆபீசின் டைப்பிஸ்ட் அவர். எவ்வளவு கிறுக்கலாக எழுதிக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் அடித்துக் கொடுப்பவர். அன்று மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு மாடியில் இயங்கிய கூட்டுறவு நிறுவனத்தில் நான் எஸ்டாபிளிஷ்மென்ட் கிளார்க். நியமனம், லீவு, இன்கிரிமென்ட் பைல் எல்லாம் என் சீட்டில்தான் இருக்கும். அந்த வருடம் ஓர் இளநிலை உதவியாளர் இடத்தை விளையாட்டில் பேர் வாங்கியவருக்குத் தருவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது. நிபந்தனை ஒரே வரி: ‘மாநில அளவிலான போட்டியில் முதலிடம் பெற்றிருக்க வேண்டும்.’

பதினான்கு மனுக்கள் வந்திருந்தன. நான் ஒரு முற்பகலில் எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். அதாவது சான்றிதழ்களை மட்டும் பார்த்தேன். பன்னிரண்டு பேர் மாவட்ட அளவைத் தாண்டவில்லை. மீதி இரண்டு பேர். ஒருவர் மாநிலப் போட்டியில் முதலிடம் வாங்கிய வாலிபால் அணியில் இருந்தவர். இன்னொருவர் அடி அண்ணாமலையைச் சேர்ந்த க. அஞ்சலை என்ற பெண், சதுரங்கம். அவர் பெயருக்கு எதிரே ரிமார்க்ஸ் கட்டத்தில் இப்படி எழுதினேன்: ‘மாநில அளவில் இரண்டாம் இடம். தகுதி இல்லை.’ அந்தப் பட்டியலைத்தான் சரோஜா அம்மாவிடம் கொடுத்திருந்தேன்.

“என்னம்மா, கையெழுத்து புரியலையா?” என்றேன்.

“கையெழுத்து புரியுது. விஷயந்தான் புரியல. இந்தப் பொண்ணோட மனுவ முழுசா படிச்சீங்களா?”

அவர் மனுவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். குண்டு குண்டான எழுத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தார்: ‘மாநில மகளிர் போட்டி. ஒன்பது சுற்று. வெற்றி ஐந்து, டிரா நான்கு, தோல்வி இல்லை.’

“ஒரு ஆட்டம்கூட தோக்கல. அப்புறம் எப்படி சார் செகண்டு?”

எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

2. டிபன் பாக்ஸ் நேரத்து வாதம்

மதியம் விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. சூப்பிரண்ட் தெய்வசிகாமணி தன் டிபன் பாக்ஸோடு வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்தார். விதிமுறைப் புத்தகம் முழுக்க அவருக்கு மனப்பாடம். கமா எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்வார். அவர் கையெழுத்துப் போடாமல் எந்தப் பைலும் மேலே போகாது.

“மொதல்ல செஸ் ஒரு வெளையாட்டாயா?” என்று ஆரம்பித்தார். “ஒக்காந்த எடத்துல ஒக்காந்து பொம்மைய நவுத்துறது. வேர்வ சிந்தறதுக்குப் பேருதான் வெளையாட்டு.”

பிறகு அஞ்சலையின் மனுவை எடுத்து, ஐந்து வருடத்துப் போட்டிக் கணக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மாவட்ட அளவில் நான்கு முறை முதலிடம் என்று இருந்தது.

“இதுல ஒரு வருஷம் பைனல்ல எதிராளியே வரல. வாக்ஓவர். இந்தப் பொண்ணே எழுதியிருக்குது பாரு. இன்னொரு வருஷம் மொத்தமே ஆறு பேரு. ஆறு பேருல மொதல் ஆளா வர்றது ஒரு சாதனையா?”

“ஆறு பேரு வந்தா அது அவ தப்பா சார்?” என்றார் சரோஜா அம்மா. “வராதவங்களயும் சேத்து அவ எப்படி ஜெயிப்பா?”

கேஷியர் நாராயணசாமி வாலிபால் பைத்தியம். அந்தப் பையனின் ஆட்டத்தைப் பல முறை பார்த்தவர். “நம்ம பையனுக்கு இந்தக் குழப்பமே கெடையாது. மாநிலத்துல பர்ஸ்ட்டு. சர்டிபிகேட் பளிச்சுனு இருக்குது. நல்ல பையன் சார், அன்னிக்கு பைனல்லகூட எக்ஸ்ட்ராவா வெளிய ஒக்காந்துக்கினு எல்லாருக்கும் தண்ணி எடுத்துக் குடுத்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சரோஜா அம்மா டிபன் மூடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“ஒக்காந்த எடத்துல ஒக்காந்தா வெளையாட்டு இல்லேன்னு சூப்பிரண்ட் சார் சொன்னாரு. அப்ப பைனல் பூரா பெஞ்சுல ஒக்காந்திருந்தது?”

மேஜையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாராயணசாமிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். சூப்பிரண்டுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதை ஊறுகாயோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

கை கழுவிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார்: “ஏழுமல, வெள்ளிக்கெழம கமிட்டி. அதுக்குள்ள அந்தப் பொண்ணப் பாத்து விசாரிச்சு எழுது. தோக்காதவங்க எப்படி ரெண்டாவது வந்தாங்கன்னு எனக்குப் புரியணும். புரியலன்னா நீ எழுதுன ‘தகுதி இல்ல’ அப்படியே நிக்கும்.”

3. அடி அண்ணாமலை

புதன்கிழமை காலை செங்கம் ரோட்டில் சைக்கிளை மிதித்து, மலை சுற்றும் பாதையில் திரும்பி, அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தேன். கன்னியப்பன் வீடு என்றதும் கை காட்டினார்கள். வாசலில் அஞ்சலை விதைக்காக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார். பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நின்றார். உள்ளேயிருந்து அவர் அப்பா கன்னியப்பனும் வந்துவிட்டார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. “தோக்காம எப்படிம்மா செகண்டு வந்தீங்க?” என்று கேட்டேன்.

“நானும் இன்னொருத்தவங்களும் சமம் சார். ரெண்டு பேருக்கும் ஏழு புள்ளி. நாங்க ரெண்டு பேரும் ஆடுனது டிரா. சமமா வந்தா டைபிரேக்னு ஒன்னு பாப்பாங்க.”

“அப்படின்னா?”

“நான் யார் யார்கூட ஆடுனேனோ அவங்க எல்லாரும் கடைசில எடுத்த புள்ளிய கூட்டுவாங்க. அந்த இன்னொருத்தவங்களுக்கும் அதே மாதிரி கூட்டுவாங்க. யாருக்கு கூட்டுத்தொகை ஜாஸ்தியோ அவங்க கஷ்டமான ஆளுங்களோட ஆடியிருக்காங்கன்னு அர்த்தம். எங்கூட சமமா வந்தவங்களுக்கு என்னவிட அரைப் புள்ளி ஜாஸ்தி வந்துச்சு.”

எனக்குப் பாதிதான் புரிந்தது. அவர் மல்லாட்டையை எடுத்துத் தரையில் இரண்டு வரிசையாக வைத்தார். ஒரு வரிசை தன்னோடு ஆடியவர்கள் எடுத்த புள்ளி, இன்னொன்று மற்றவரோடு ஆடியவர்கள் எடுத்த புள்ளி. அரைப் புள்ளிக்கு ஒரு பருப்பு. அவர் வரிசையில் ஓரிடத்தில் நாலே பருப்பு இருந்தது.

“இது யாரு, இவ்ளோ கம்மியா?”

“மதுரப் பொண்ணு சார். மொதல் ரவுண்டுல எங்கூட ஆடுனாங்க. மூனாவது ரவுண்டு முடிஞ்சதும் ஜொரம் வந்து ஊருக்குப் போயிட்டாங்க. ரெண்டு புள்ளியோட நின்னுபோச்சு. அவங்க இருந்து இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சிருந்தா நான்தான் மொதல்.”

கன்னியப்பன் குறுக்கிட்டார். “கொற சொல்றேன்னு நெனைக்காதீங்க சார். அந்தப் பொண்ணுக்கு மாத்திர வாங்கியாந்து குடுத்ததே நான்தான். அதப் போட்டுக்கினு தெம்பு வந்துதான் பஸ் ஏறிச்சு. எம்பொண்ணுக்கு அதனால அரைப் புள்ளி போவும்னு எனக்குத் தெரியல.”

அஞ்சலை சிரித்தார். “தெரிஞ்சிருந்தா மட்டும் வாங்கியாந்து குடுத்திருக்க மாட்டியா?”

“குடுத்திருப்பேன்” என்றார் அவர், கொஞ்சம் யோசித்துவிட்டு.

போட்டி நடத்தியவர்கள் கொடுத்த ஸ்டென்சில் தாள் ஒன்றை அஞ்சலை எடுத்து வந்தார். யார் யாரோடு ஆடினார், என்ன முடிவு, எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. அவர் சொன்ன ஒவ்வோர் எண்ணும் அதில் அப்படியே இருந்தது. நான் குறித்துக்கொண்டேன். பிறகு மாவட்டப் போட்டி பற்றிக் கேட்டேன். சூப்பிரண்ட் கிளப்பிய வாக்ஓவர் விஷயத்தைச் சொன்னேன்.

“அது நெசம் சார். அந்தப் பொண்ணுக்கு பஸ் கெடைக்கல. அத நீங்க எடுத்துடுங்க. நாலுன்னு இருக்கறத மூனுன்னு போட்டுக்குங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “வேல கெடைக்கலன்னா பரவால்ல சார். மாநிலப் போட்டில மட்டும் நான் தோத்துட்டேன்னு எழுதாதீங்க.”

சைக்கிளில் திரும்பி வரும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. நான் எழுதிய ‘தகுதி இல்லை’யை அவர் பார்க்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி. எழுதினேனே என்பதில் ஒரு வெட்கம்.

4. சூப்பிரண்ட் பேனாவைத் திறந்தார்

வியாழக்கிழமை ஒன்றரைப் பக்கத்துக்கு நோட் எழுதி சூப்பிரண்டிடம் வைத்தேன். மூன்று முறை படித்தார்.

“புரியலையே ஏழுமல. ரெண்டு பேரும் ஏழு புள்ளி. சரி. அப்புறம் எதுக்கு அடுத்தவங்க புள்ளியெல்லாம் கூட்டணும்? ஊர்ல எவளுக்கோ ஜொரம் வந்தா இவ எதுக்கு எறங்கணும்?”

மல்லாட்டை இல்லாமல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. தடுமாறிக்கொண்டிருந்தபோது எதிர் அலமாரியில் இருந்த சீனியாரிட்டி ரிஜிஸ்டர் கண்ணில் பட்டது.

“நம்ம சீனியாரிட்டி மாதிரிதான் சார். ரெண்டு பேரு செலக்‌ஷன்ல ஒரே மார்க்கு. ஒரே நாள்ல ஜாயின் பண்றாங்க. லிஸ்ட்டுல ஒருத்தர் பேர மேல போட்டாகணும். அதனால வயசு பாக்கறோம். பெரியவரு மேல, சின்னவரு கீழ. அதுக்காக சின்னவரு மார்க்கு கம்மின்னு ஆயிடுமா?”

சூப்பிரண்ட் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குப் பயமாகிவிட்டது.

“ரொம்ப வருஷம் முன்னாடி இதே நிறுவனத்து செலக்‌ஷன்ல இப்படி ஒரே மார்க்கு எடுத்த ரெண்டு பேரு யாரு தெரியுமா?” என்றார். “ஒருத்தன் நான். இன்னொருத்தன் என்னவிட ரெண்டே மாசம் பெரியவன். அவன் இப்ப வேலூர் ஹெட் ஆபீஸ்ல மேனேஜர். இருபத்திரெண்டு வருஷமா ஒவ்வொரு புரமோஷன்லயும் அவன் பேரு மேல, எம்பேரு கீழ. எங்க மாமனாருகூட நான் செகண்டு மார்க்குன்னுதான் நெனச்சுக்கினு இருந்தாரு. மார்க்கு சமம்யா. சமம்.”

அவ்வளவு நாள் அவரோடு வேலை செய்தும் இது எனக்குத் தெரியாது. ஆபீசில் யாருக்குமே தெரியாது.

என் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கீழே தன் கையால் எழுதினார்: ‘புள்ளிகளில் முதலிடம் சமமாகப் பெற்றுள்ளார். வரிசை இடுவதற்காக மட்டுமே இரண்டாம் இடம். நிபந்தனை முதலிடத்தையே கேட்கிறது, வரிசையை அல்ல. தகுதி உண்டு.’

சரோஜா அம்மா அதை நான்கு காப்பி அடித்தார். ஒரு பிழைகூட இல்லை.

5. கமிட்டி

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பைலைப் பிடித்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். தலைவர் நோட்டைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “செஸ் ஒரு வெளையாட்டாங்க?”

சூப்பிரண்ட் எழுந்தார். “ஒரு ஆட்டத்துக்கு நாலு மணி நேரம், அசையாம ஒக்காந்து பாருங்க சார். வேர்வ தானா வரும்.”

திங்கட்கிழமை அவர் பேசியதைக் கேட்டிருந்த நான் பைலால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இரண்டு பேரையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். வாலிபால் பையனிடம் பைனல் எப்படி இருந்தது என்று தலைவர் கேட்டார். “நல்ல மேட்ச் சார். நான் ஆடல, வெளிய இருந்தேன்” என்றான் அவன், எந்த மறைப்பும் இல்லாமல். எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போனது. பின்னாளில் போலீஸில் சேர்ந்தான். அங்கே வாலிபால் அணியில் களமிறங்கும் ஆறு பேரில் ஒருவனாகவே ஆடினான் என்று நாராயணசாமி சொல்லிக்கொண்டிருப்பார்.

அஞ்சலையிடம் கேட்டது: “வாக்ஓவர ஏம்மா நீங்களே எடுக்கச் சொன்னீங்க?”

“அன்னிக்கு நான் ஆடவே இல்லைங்க சார்.”

அரை மணி நேரத்தில் அஞ்சலையின் நியமன ஆணைக்கு டிராப்ட் போடச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. அதை எழுதிய வேகத்தில் வேறெதையும் நான் எழுதியதில்லை.

6. சூப்பிரண்டின் கணக்கு

அஞ்சலை வேலையில் சேர்ந்த அன்று கன்னியப்பன் அவித்த மல்லாட்டை ஒரு கூடை கொண்டுவந்து எல்லா மேஜைக்கும் போட்டார். அஞ்சலைக்கு என் பக்கத்து சீட். வேலையை ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டார். லீவு பைல்களில் நான் பார்க்காமல் விட்ட தப்புகள் ஏழெட்டைக் கண்டுபிடித்தார்.

சீக்கிரமே மதிய நேரத்தில் ஒரு செஸ் போர்டு வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்தவர் சூப்பிரண்ட்தான். குதிரை எப்படிப் போகும் என்பதிலிருந்து தொடங்கி, தினம் ஓர் ஆட்டம் தோற்றார். தோற்றாலும் முகத்தில் ஒரு வருத்தமும் கிடையாது. ஒரு நோட்டில் தேதி போட்டு ‘தோல்வி’ என்று எழுதிக்கொள்வார். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் டிரா ஆயிற்று. எழுந்து போய், பதிவறையில் இருந்தவர் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்குச் சந்தேகம். அஞ்சலையை ஓரமாகக் கூப்பிட்டு, “விட்டுக் குடுத்தியாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். சார் நெசமாவே நல்லா ஆடுனாரு. கடைசி வரைக்கும் நான் ஜெயிக்கத்தான் பாத்தேன்.”

அதற்குப் பிறகும் பல வருடங்கள் அதே சீட்டில் இருந்தேன். எத்தனையோ பேரின் வேலையையும் உயர்வையும் என் ஒரு வரி முடிவு செய்தது. புதிதாகக் குறிப்பு எழுத உட்காரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அந்த வாரத்துக்கு முன்பு வரை என் குறிப்புகள் எல்லாம் ‘சான்றிதழின்படி’ என்று தொடங்கும். அதற்குப் பிறகு எழுதியவை ‘நேரில் விசாரித்ததில்’ என்று தொடங்கும்.