பர்த்டே வராத புள்ளை

பனியன் கம்பெனிக்குப் போற அம்மாக்களோட புள்ளைங்களைப் பாத்துக்கறதுதான் என்ற உத்தியோகமுங்க. மூக்குத் தொடைக்கறது, பேண்டாக் கழுவறது எல்லாம் லேசு. சர்க்கார் மானியத்தைக் காப்பாத்தறதுதான் உசிரை வாங்குது. காப்பகம் நடத்தி நொந்துபோன அக்கா தங்கச்சிகளா, உங்களுக்குச் சொல்லியா தெரியோணும்?

அஞ்சு மணி

மானியம் அஞ்சு மணி வரைக்கும்தான். கம்பெனியில ஒன்றரை ஷிப்ட்டு முடிய எட்டரை ஆகும். நடுவுல குடிக்கற பாலு, ஓடற ஃபேனு எல்லாம் எங்க தலையில. "அஞ்சு மணிக்கு மேல புள்ளைங்களுக்கு அப்படி என்னங்க செலவு?"ன்னு ஆபீசுல கேட்டாங்க. எங்க ஆயா சரசக்கா பட்டுன்னு சொல்லுச்சு: "அப்பவும் பேலுமுங்க."

சர்டிபிகேட்

மூணு வயசு தாண்டுனா மானியம் கெடையாது, பால்வாடிக்குப் போகோணும். பால்வாடியை சாயங்காலத்துக்கு முன்னாடியே பூட்டிருவாங்க. அப்புறம் புள்ளை தெருவுலயா கெடக்கும்? அதனால எங்க காப்பகத்துல எந்தப் புள்ளைக்கும் மூணு முடியறதே இல்லீங்க!

முத்துமாரி தென்காசிக்காரி. ஓவர்லாக் மெஷின் ஓட்டி, தனியாளா மக காவ்யாவை வளக்கறா. புள்ளையோட பர்த் சர்டிபிகேட்டைக் கேட்டா, "ஊர்ல இருக்கு"ம்பா. தீவாளிக்குப் போயிட்டு வந்தா முறுக்கு வரும், சர்டிபிகேட் வராது. ஒரு நாள் பொறுக்கமாட்டாம கத்திட்டேன். புள்ளைக்கு மூணு முடிஞ்சு போச்சுன்னு ஒத்துக்கிட்டு அழுதுட்டா பாவம். "இவள வெளிய அனுப்பினா நானும் வேலைய விட்டுட்டு வீட்டுலதான் இருக்கணும் டீச்சர். பொறவு சோத்துக்கு எங்க போவேன்?"

ரெண்டரை

அன்னியிலிருந்து நானும் கூட்டுக்களவாணி. வயசு கேட்டா "ரெண்டரை"ன்னு சொல்லோணும்னு காவ்யாவைப் பழக்கி உட்டோம். போன வாரம் சர்க்கார் ஆபீசுல இருந்து செக்கிங்குக்கு வந்த மேடம் அவளை மடியில தூக்கி வெச்சுக்கிட்டாங்க.

"வயசென்ன கண்ணு?"

"ரெண்டரை."

"அம்மா பேரு?"

"ரெண்டரை."

"மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"ரெண்டரை."

சரசக்கா சேலைத் தலைப்பை வாயில திணிச்சுக்கிச்சு. மேடமும் சிரிச்சுட்டு ஒரு மிட்டாயை எடுத்து நீட்டுனாங்க. "சரி, பர்த்டே எப்போ?"

காவ்யா மிட்டாயைப் புடுங்கிக்கிட்டுச் சொன்னா: "எனக்கு பர்த்டே வராது. வந்தா அம்மாக்கு வேலை போயிரும்."

மேடம் அவ தலையைக் கோதிட்டே இருந்தாங்க. கெளம்பறப்ப என்னைத் தனியாக் கூப்புட்டுச் சொன்னாங்க: "ரூலை நான் மாத்த முடியாதுங்க. கேக்கு வெட்டறதுன்னா நான் வராத நாளாப் பாத்து வெட்டுங்க."

மூணு முடிஞ்ச அன்னிக்கே தானாச் சோறாக்கித் தின்னுட்டுத் தனியாப் படுத்துத் தூங்கற புள்ளையைப் பெத்த மகராசந்தான் இந்த ரூலை எழுதியிருக்கோணும்.