அப்டேட்டில் மாட்டிய தாய்மாமன்

இங்கே வந்து இத்தனை வருடமாகியும் காலையில் பந்தலுக்குள் நுழைந்ததும் என் கை தானாக மேலே போய்விடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வளர்ந்த கை. கொத்தை உள்ளங்கையில் தாங்கிக் கனம் பார்த்தே பழகியது. நியூசிலாந்தில் கிட்டத்தட்ட அதே உயரத்தில், அதேபோலக் கம்பி இழுத்துக் கட்டிய பந்தலில், அந்தக் கைக்குக் கிடைப்பது கிவிப் பழம். எலிக்குஞ்சைத் தொட்டதுபோல மயிர் உறுத்தும். தினமும் ஒரு நொடி திடுக்கிட்டு, பிறகு எனக்குள் சிரித்துக்கொண்டு, பறிக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறேன்.

நான் சொல்லப்போகிற நாளில் பந்தல் வேலை இல்லை. மழை. நனைந்த கிவியை இங்கே பறிக்க மாட்டார்கள். பழம் காயும்வரை எல்லோருக்கும் வீடுதான். பறிப்புக் காலம், ஆள் குறைவு, விடுப்புத் தர வழியில்லை என்று மேற்பார்வையாளர் முன்பே கையை விரித்திருந்தார். அதனால் மனைவியையும் மகள் நிவேதாவையும் ஊருக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் தங்கியிருந்தேன். அங்கே நடந்தது சாதாரண விசேஷம் இல்லை. என் ஒரே தங்கை செல்விக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலில் மொட்டை, கிடாவெட்டு, பந்தி என்று எல்லாம் தயார். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் மட்டும் கடல் தாண்டி உட்கார்ந்திருந்தான்.

"கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன்தாண்ணே. நேர்ல வர முடியலைன்னா போன்லயாவது வா. ஒம் மொகத்தப் பாக்காம எம் பிள்ளை காதுல ஊசி படாது, சொல்லிட்டேன்" என்று முன்பே போனில் சொல்லியிருந்தாள் செல்வி.

அப்போது அவள் பக்கத்தில் எங்கள் பெரியப்பா மகன் பாண்டி இருந்தான். எங்கள் இருவருக்கும் இளையவன். "எதுக்குக்கா இம்புட்டுச் சிரமம்? எம் மடி என்ன முள்ளுக்கட்டையா? நானும் மாமன்தான?" என்றான்.

"நீ கறிச்சோத்துக்கு வா, போதும்" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

நிவேதா தன் பங்குக்கு ஒரு கட்டளை போட்டாள். "அப்பா, ஒங்க போனு ரொம்பப் பழசாக் கெடக்கு. அப்டேட் வந்திருக்கு பாருங்க, போட்ருங்க. இல்லைன்னா முக்கியமான நேரத்துல வீடியோ நின்னுரும்." எனக்கு இந்த விஷயங்களில் மகள் சொல்வதுதான் வேதம். ஊரில் காலை முகூர்த்தம் என்றால் இங்கே சாயங்காலம். நிறைய நேரம் இருக்கிறது என்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், கையைத் துடைத்துவிட்டுப் பயபக்தியோடு அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் ஒரு வெள்ளைக்கோடு எறும்பு ஊர்வதுபோல நகர்ந்தது. கீழே, நிவேதா எனக்காகப் போட்டுத் தந்த தமிழில், 'நிறுவப்படுகிறது. சாதனத்தை அணைக்க வேண்டாம்' என்று வந்தது. நான் அணைக்கவில்லை. மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். கோடு முக்கால் தூரம் போய் நின்றது. திரை கறுத்தது. கம்பெனிச் சின்னம் வந்தது. 'நிறுவ முடியவில்லை. மீண்டும் முயல்கிறது' என்றது. பிறகு அதே கோடு, அதே முக்கால், அதே கறுப்பு. மழை ஒருமுறை நின்று திரும்பப் பிடித்தது. போன் மட்டும் முக்காலைத் தாண்டவே இல்லை.

ஊரில் எங்கள் தோட்டத்து மோட்டாரும் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். மும்முனைக் கரண்டு வருகிற நேரம் பார்த்துத் தண்ணீர் எடுக்காது. குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால், பெரிய மனசு பண்ணி ஓடும். இந்தப் போனில் எங்கே தண்ணீர் ஊற்றுவது? தட்டிப் பார்த்தேன். சூடு போகட்டும் என்று ஜன்னலோரம் வைத்தேன். "அப்பா சாமி, கொஞ்சம் கண்ணைத் தொறயேன்" என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன். வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டரை நிவேதா ஊருக்குக் கொண்டுபோயிருந்தாள். யாருடைய எண்ணும் எனக்கு மனப்பாடம் இல்லை. எல்லா எண்களும் அந்தக் கறுப்புத் திரைக்குள் இருந்தன.

அப்போது என் தாய்மாமன் நினைவு வந்தது. எனக்குக் காது குத்திய அன்று அவர் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்திலிருந்து வர வேண்டும். வழியில் ஜீப் பழுதாகி, மலைப்பாதையில் பாதித் தூரம் மழையில் நடந்தே இறங்கினாராம். அவர் வரும்வரை கூட்டம் மொத்தமும் கோயிலில் காத்திருந்தது. வந்தவர் ஈர வேட்டியோடு என்னை மடியில் வைத்துக்கொள்ள, ஊசி பட்ட வலியில் நான் அவர் கையைக் கடித்துவைத்தேன். ஊரில் யாரைப் பார்த்தாலும் கையில் இருந்த அந்தப் பல் தடத்தைக் காட்டி, "மருமகன் போட்ட மோதிரம்" என்பார். ஜீப் பழுதாகியும் வந்தவருக்கு மருமகனாக இருந்துகொண்டு, போன் பழுதாகிவிட்டது என்று நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கலாமா? குடையை எடுத்தேன்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஷெரில். ஒரு காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், இப்போது தனியாக இருக்கிறார். அவர் தன் மரத்து எலுமிச்சைகளைப் பையில் போட்டு எங்கள் கேட்டில் மாட்டுவார். நாங்கள் அதே பையில் முறுக்கு வைத்து அவர் கேட்டில் மாட்டுவோம். நட்பெல்லாம் அந்தக் கேட்டுக் கம்பியோடு சரி. வாய்விட்டு நான் அவரிடம் பேசியது 'குட் மார்னிங்' மட்டும்தான். அன்று கதவைத் தட்டியபோது அந்த வார்த்தைக்கும் நேரம் தப்பியிருந்தது.

அவர் கதவைத் திறந்ததும் நான் மனதில் அடுக்கி வைத்திருந்த ஆங்கிலம் மொத்தமும் கலைந்துவிட்டது. "பேபி. இயர். ஹோல். டுடே" என்றேன்.

அவர் முகம் வெளிறியது. "டாக்டர்? ஆம்புலன்ஸ்?" என்று தன் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"நோ, நோ! ஹேப்பி ஹோல்! ஹேப்பி ஹோல்!" என்று கத்தினேன். மழையில் நின்று ஒரு பெண்மணியிடம் இப்படிக் கத்துவேன் என்று என் வீட்டில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். வேறு வழி தெரியாமல் என் காதுமடலை இழுத்து, தூர்ந்துபோன பழைய துளையின் தடத்தைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு தன் காதில் இருந்த சிறு கம்மலைத் தொட்டார். "ஆ!" என்றார். அடுத்த நொடி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்.

என் போனைப் பார்த்ததும் அவருக்கு மற்றதெல்லாம் புரிந்துவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து, பேத்தி விட்டுப்போன பழைய போன் ஒன்றை எடுத்துச் சார்ஜில் போட்டார். என் சிம் கார்டை அதில் போட வேண்டும். ஆனால் அதை வெளியே எடுக்க, போனின் பக்கவாட்டில் இருக்கும் பொடித்துளைக்குள் மெல்லிய கம்பி ஒன்று நுழைய வேண்டும். ஊக்கு நுழையவில்லை. பல் குத்தும் குச்சி ஒடிந்தது. ஷெரில் யோசித்தார். தன் காதிலிருந்து ஒரு கம்மலைக் கழற்றி, அதன் தண்டைத் துளையில் வைத்து அழுத்தினார். டக்கென்று தட்டு வெளியே வந்தது. ஊரில் பிள்ளைக்கு முன்னால் இங்கே என் போனுக்குக் காது குத்தியாகிவிட்டது.

சிம்மை மாற்றி, வீடியோவில் பேசும் செயலியைத் திறந்து, அதற்குக் குறுஞ்செய்தியில் வந்த எண்ணை அவரே தட்டினார். தட்டி முடிப்பதற்குள் மணி அடித்தது. நிவேதா. படம் வரும் முன்பே கொட்டுச் சத்தம் வந்தது, கூடவே செல்வியின் குரல்.

"அண்ணே! எங்கன போய்த் தொலைஞ்ச? பூசாரி நல்ல நேரம் முடியுதுங்குறாரு!"

படம் தெளிந்தது. ஜமுக்காளத்தில் பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் சந்தனம் பூசிய மொட்டைத்தலையோடு குழந்தை. எதிரே ஊசியோடு ஆசாரி.

"ஏலே பாண்டி, யாரு வேட்டிலே அது?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஒங்க வேட்டிதாண்ணே. அண்ணிதான் குடுத்தாக. நீங்க வரலைன்னா சும்மா மடிச்சு வைக்கவா?"

செல்வி ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னாள். "நெவேதா, போன அவன்ட்டக் குடு. ஏலே, ஒம் மூஞ்சிக்கு முன்னாடி நேராப் பிடி. மடி ஒன்னோடதா இருந்துட்டுப் போகட்டும், மொகம் எங்க அண்ணனோடதா இருக்கணும்."

இப்படியாக, கழுத்துக்குக் கீழே பாண்டியாகவும் மேலே நானாகவும் ஒரு தாய்மாமன் அங்கே உட்கார்ந்தான். கூட்டம் சிரித்த சிரிப்பில் கொட்டுக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். நான் ஷெரிலின் நடுக்கூடத்தில் தரைவிரிப்பில் சம்மணம் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் மடி என்று எனக்குத் தோன்றவில்லை. பாண்டி போனைக் கொஞ்சம் தாழ்த்தியபோது அவன் பார்ப்பதெல்லாம் எனக்கும் தெரிந்தது. குழந்தையின் உச்சந்தலை, அதில் காய்ந்து வெடித்த சந்தனம், அதற்கு அப்பால் எங்கள் சனம். மடியில் பிள்ளையை வைத்திருப்பவனுக்கு மட்டும் தெரிகிற காட்சி அது.

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டாள். ஷெரில் தன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். அடுத்த கணம் "ஆத்தாடி!" என்று பாண்டி அலற, திரையில் வானமும் வேப்பங்கிளையும் சுழன்றன.

"கடிச்சுப்புட்டாண்ணே! கடி எனக்கு, பேரு ஒங்களுக்கா?"

"அது மோதிரம்லே, மோதிரம்!" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஷெரிலுக்கு எதுவும் புரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஒரு காதில் கம்மல் இருந்தது. இன்னொன்று மேசையில் என் போனுக்குப் பக்கத்தில் கிடந்தது.

அழைப்பு முடிந்தபோது மேசையில் கிடந்த என் போன் தானாக விழித்திருந்தது. 'முந்தைய பதிப்புக்கே திரும்பிவிட்டது. மீண்டும் முயலவா?' என்று கேட்டது. 'பிறகு' என்பதை அழுத்தினேன். பழையது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஷெரில் தேநீர் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். எழப் பார்த்தேன், முடியவில்லை. உண்மையாகவே ஒரு குழந்தையை வைத்திருந்ததுபோல வலது கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றேன். என்ன ஆயிற்று என்று அவர் கையால் கேட்டார். மனதில் பதில் தமிழில்தான் இருந்தது, அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை: இந்தக் கால் இங்கே நிற்கிறது, மற்றது இன்னும் கோயிலில் இருந்து வந்து சேரவில்லை.